லாரியின் முன் இருக்கை

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தொண்ணூறுகளின் பின்பாதியில், சிரம்பானில் நடந்த ஒரு கணினிக் கண்காட்சிக்குப் போயிருந்தேன். மண்டபத்தின் ஒரு மூலையில் பிளாஸ்டிக் நாற்காலியில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். தலையில், மாட்டியவருக்குக் கணினி கட்டிய உலகம் ஒன்றைக் காட்டும் கனமான கறுப்புப் பெட்டி, அதிலிருந்து தொங்கும் ஒயர், எதிரே ஒரு மேசை விசிறி. கண்ணும் காதும் மூடியிருந்த அந்தப் பெண், பறக்கும் சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டார். அவர் இருக்கும் இடத்தில் என்ன காற்று அடிக்கிறது என்று தெரிந்துகொள்ள ஆசைப்பட்டு வரிசையில் நின்றேன். என் முறை வருமுன் கண்காட்சி முடிந்துவிட்டது.

நான் பார்த்தது அவ்வளவுதான். மீதியை நான் கட்டினேன்.

முதல் தொடக்கம் இப்படி இருந்தது: 'அதிகாலைப் பனியில் ரப்பர் மரங்கள் வரிசையாக' [வேண்டாம். பனியும் ரப்பர் மரமும் சேர்ந்து வந்தால் நீங்கள் கண்ணை மூடிக்கொண்டே அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவீர்கள்.]

இரண்டாவது தொடக்கம்: 'மனிதன் தோன்றிய நாள் முதலே வேறோர் உலகத்துக்குள் நுழைய' [இது பள்ளிக்கூடக் கட்டுரை.]

மூன்றாவது: 'நீலாவதிக்கு வாந்தி வந்தது.' இது பரவாயில்லை. இதை வைத்துக்கொள்வோம்.

2

நீலாவதிக்கு வாந்தி வந்தது. தலையிலிருந்த பெட்டியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, கல்லூரிச் சாமான் அறையின் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் கையால் கட்டிய உலகம்தான் அவள் வயிற்றைப் புரட்டியது.

அவளுக்கு முப்பது வயது. குவாலா பிலா சாலையில் இருந்த புக்கிட் செமந்தா ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள்.* கோலாலம்பூரில் கணினி வரைகலை படித்துவிட்டு, சிரம்பானில் ஒரு தனியார் கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டிருந்தாள். கல்லூரியை நடத்தியவர் உடையப்பன். செட்டியார் வீட்டுப் பிள்ளை. குடும்பத் தொழிலை அண்ணன்மாரிடம் விட்டுவிட்டுக் கணினிப் பக்கம் வந்தவர். புதிதாக எது வந்தாலும் அதைத் தொட்டுப் பார்க்காமல் அவருக்குத் தூக்கம் வராது. அந்தப் பெட்டியையும் அவர்தான் சிங்கப்பூரிலிருந்து வாடகைக்குக் கொண்டுவந்தார்.

"கண்காட்சி முடியுற வரைக்கும் இது உன்னோடதுதான், நீலா. ஒரு தோட்டத்தக் கட்டு. மரம், லயத்து வீடுங்க, கோயில், எல்லாம் சுத்திக் காட்டு. மாட்டிப் பாக்குறவன் உருகிரணும்," என்றார்.

கட்டினாள். அன்றைய கணினிக்கு மரம் என்றால் பச்சை முக்கோணம், வீடு என்றால் சப்பைப் பெட்டி. இருந்தாலும் அதில் ஒரு தோட்டம் தெரிந்தது. மாணவர்கள் ஒவ்வொருவராக மாட்டிப் பார்த்து, "நல்லா இருக்கு லா, டீச்சர்," என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார்கள். யாரும் உருகவில்லை.

சினிமாவில் எப்படிச் செய்வார்கள் என்று யோசித்தாள். மரத்திலிருந்து சட்டென்று வீட்டுக்குக் காட்சியை வெட்டிப் பார்த்தாள். அந்த வெட்டில்தான் வாந்தி வந்தது. பின்னணியில் இசை சேர்த்தாள். இசை எங்கிருந்து வருகிறது என்று எல்லோரும் தலையைத் திருப்பித் திருப்பித் தேடினார்கள். கோயில் மணி ஆடி அடிக்கும் காட்சியை நாள்கணக்கில் உட்கார்ந்து செய்தாள். அது அடிக்கும்போது ஒரு மாணவன் குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்ன தேடுற?"

"என் காலக் காணோம், டீச்சர்."

கால் அங்கே இல்லைதான். அவள் வரையவில்லை. வந்து பார்ப்பவன் அந்த உலகத்தில் யார் என்ற கேள்வியே அதுவரை அவளுக்குத் தோன்றியிருக்கவில்லை. ஆவியைப் போல ஒருவனை உள்ளே விட்டு, அவனுக்கு எதையெதையோ காட்டிக்கொண்டிருந்தாள்.

சினிமாக்காரன் நம் தாடையைப் பிடித்து, இதைப் பார், இப்போது அதைப் பார் என்று திருப்புகிறான். நாமும் ஆனந்தமாகத் திரும்புகிறோம். இந்தப் பெட்டிக்குள் தாடை பார்ப்பவனுக்கே சொந்தம். நூறு வருடமாகச் சினிமா சேர்த்துவைத்த மொழி இங்கே செல்லுபடியாகவில்லை. புது மொழிக்கு அரிச்சுவடிகூட யாரும் எழுதியிருக்கவில்லை. (எனக்கும் இதே சங்கடம் உண்டு. இந்த வரியை நீங்கள் பேருந்தில் படிக்கிறீர்களா, எதிர் இருக்கையில் தூங்குபவரைப் பார்த்துக்கொண்டே படிக்கிறீர்களா, எனக்கு எப்படித் தெரியும்?)

* அப்படியொரு தோட்டம் இல்லை. பெயரை நான் வைத்தேன். சாலை உண்டு, வளைவுகளும் உண்டு.

3

இப்போது பஞ்சாலை வருகிறாள். அவளை நினைத்துத்தான் எனக்குக் கொஞ்சம் பயம். கணவனை இழந்த பெண்ணை எழுதும்போது பேனா தானாகவே ஈரமாகிவிடுகிறது. ஆனால் பஞ்சாலை சிரிக்கிறவள். சமையற்கட்டில் வானொலியோடு சண்டை போடுகிறவள். தோட்டத்தில் பால் வெட்டியவள், இப்போது சிரம்பானை ஒட்டிய பாரோயில் நீலாவதியோடு ஒரே வீட்டில் இருக்கிறாள். அவளுடைய கணவன் மாயாண்டி, நீலாவதியின் அண்ணன்.

ஒரு சனிக்கிழமை காலை நீலாவதி அவளைக் கல்லூரிக்கு அழைத்துப் போனாள். தோட்டத்திலேயே இருந்தவர், பார்த்ததும் நெகிழ்ந்துபோவார் என்று நம்பினாள். பஞ்சாலை பெட்டியை மாட்டிக்கொண்டு இடமும் வலமும் பார்த்தாள். பிறகு கழற்றிக் கையில் கொடுத்தாள்.

"ஏன் அண்ணி, பிடிக்கலயா?"

"இந்த மரத்தையா திரும்பவும் பாக்கச் சொல்ற? விடியுறதுக்குள்ள எந்திரிச்சு இதத்தான பாத்தேன். போதும் லா."

நீலாவதிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சரி, வேற எங்க போகணும்? சொல்லுங்க, கட்டித் தரேன்."

பஞ்சாலை யோசிக்கவே இல்லை. "லாரில. முன்னால உக்காந்து போகணும்."

தோட்டத்து லாரியை ஓட்டியவர் மாயாண்டி. தீபாவளிக்கு முன் ஒருநாள் லாரி எல்லோரையும் ஏற்றிக்கொண்டு புக்கிட் பூத்துஸ் மலை வளைவுகளில் இறங்கி, பாரோய் வழியாகச் சிரம்பான் கடைத்தெருவுக்குப் போகும். ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கை, தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணியின் மனைவிக்கு. அவர் வராத வருடம், வேலை வாங்கும் மண்டோரின் மனைவிக்கு. மற்ற எல்லோரும் பின்னால், பலகையில். ஓட்டுநரின் மனைவியானாலும் பஞ்சாலையின் இடமும் பின்னால்தான். முன்கூண்டை ஒட்டி நின்றுகொள்வாள். யாருக்காவது தலை சுற்றினால், ஏதாவது வாங்க வேண்டுமென்றால், கூண்டின் தகரத்தில் தட்டுவார்கள். மற்றவர்கள் தட்டினால் மாயாண்டி இடம் பார்த்து நிறுத்துவார். பஞ்சாலை தட்டினால் அந்த இடத்திலேயே வேகம் குறையும்.

"என் தட்டு அவருக்குத் தெரியும்," என்றாள் பஞ்சாலை.

[முதல் வரைவில் அந்த லாரியை ஒரு வளைவில் கவிழ்த்து மாயாண்டியைக் கொன்றேன். படித்துப் பார்த்தபோது எனக்கே வெட்கமாக இருந்தது. கதைக்கு வேகம் வேண்டுமென்று ஒரு நல்ல ஓட்டுநரை மோசமாக ஓட்டவைப்பது நியாயமில்லை. அவர் ஒரு மத்தியானம் மாரடைப்பில், ஆஸ்பத்திரியில் இறந்தார்.]

[இரண்டாவது வரைவில் அவரைச் சாகவிடவில்லை. செனாவாங் தொழிற்சாலையொன்றில் பேருந்து ஓட்டினார். பஞ்சாலை ஒருநாள், "முன்னால உக்காரவா?" என்றாள். "ஏறு," என்றார். கதை இரண்டு வரியில் முடிந்துவிட்டது. அது நல்ல வாழ்க்கை. அதில் எனக்கு வேலை இல்லாமல் போனது.]

4

நீலாவதி வேலையில் இறங்கினாள். இருக்கையில் ஒருவரை உட்காரவைத்ததுமே பாதிப் பிரச்சினை தீர்ந்தது. சுற்றிலும் லாரியின் கூண்டு அசையாமல் இருந்ததால் வெளியே சாலை எவ்வளவு ஓடினாலும் வயிறு புரளவில்லை. குனிந்தால் சேலை மடிப்பும் இரண்டு முழங்காலும் தெரியும்படி வரைந்தாள். செனாவாங்கில் ஒரு பட்டறையில் நின்ற பழைய லாரியை ஓடவைத்து, அதன் சத்தத்தைப் பதிவு செய்தாள். ஜன்னல் காற்றுக்கு ஒரு மேசை விசிறி.

அடுத்து ஓட்டுநர். அண்ணனின் படத்தைப் பார்த்துப் பார்த்து முகத்தைக் கட்டினாள். மீசை சரியாக வந்தது. சட்டையின் நிறமும் சரியாக வந்தது. அவள் மிகுந்த அன்போடுதான் செய்தாள். அதனால்தான் அது எப்படி இருக்கிறதென்று அவள் கண்ணுக்குத் தெரியவில்லை.

பஞ்சாலை வந்து உட்கார்ந்தாள். வலப்பக்கம் திரும்பினாள். உடனே பெட்டியைக் கழற்றினாள்.

"யாரு நீலா அது?"

"அண்ணன்தான், அண்ணி."

"பொம்மைக்கு அவரு சட்டைய மாட்டி உக்கார வச்சிருக்க. கண்ணு சிமிட்டுது, ஆளக் காணோம்." எழுந்துகொண்டாள். "வீட்டுக்குப் போலாம்."

அன்று மாலை சமையற்கட்டில் வானொலி பாடவில்லை. நீலாவதி தேநீர் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தாள். பஞ்சாலை வாங்கிக் குடித்தாள். [இங்கே 'அவள் கண்ணிலிருந்து ஒரு துளி' என்று எழுதி அடித்தேன். அவள் அழவில்லை. வெங்காயம்கூட உரிக்கவில்லை.] டம்ளர் காலியானதும் நீலாவதிதான் கேட்டாள்.

"அண்ணன் மாதிரி இருக்கணும்னா என்ன இருக்கணும், அண்ணி?"

"எனக்கென்ன தெரியும்? அவரு முகத்த யாரு பாத்தா, பின்னால நின்னுகிட்டு? முதுகுதான் தெரியும், அதுவும் கண்ணாடில பாதி." டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள். "அவரு ஓட்டுறதுதான் தெரியும்."

நீலாவதி முகத்தை அழித்தாள். பிறகு உடம்பையும் அழித்தாள். ஓட்டுநர் பக்க ஜன்னலில் காலை வெயிலைக் கண் கூசும்படி ஏற்றிவிட்டு, அதன்முன் ஒரு நிழலை மட்டும் விட்டாள். அந்த நிழலுக்கு எதுவுமே செய்யத் தெரியாது. லாரிக்கு மட்டும் ஒன்று சொல்லிக்கொடுத்தாள்: பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் சாலையை விட்டு முகத்தைத் திருப்பினால் வேகத்தைக் குறை. திரும்ப நேராகப் பார்த்தால் போ.

பார்ப்பதையே தட்டுவதாக மாற்றினாள். அவளுடைய அரிச்சுவடியில் முதல் எழுத்து இது. அன்றைக்கு அவளுக்கு அது தெரியாது. ஏதோ ஒப்பேற்றிவிட்டதாகத்தான் நினைத்தாள்.

5

பஞ்சாலையை மறுபடி உட்காரவைக்க அதிகம் கெஞ்ச வேண்டியிருந்தது. "பொம்ம இருந்தா எந்திரிச்சிருவேன்," என்று சொல்லிவிட்டுத்தான் மாட்டிக்கொண்டாள்.

லாரி கிளம்பியது. விசிறி சுழன்றது. நீலாவதி ஓரத்தில் நின்று, அண்ணி பார்ப்பதைக் கணினித் திரையில் பார்த்தாள். பஞ்சாலை முதலில் நேராகவே பார்த்துக்கொண்டிருந்தாள், புதிதாகப் பள்ளிக்கூடம் சேர்ந்த பிள்ளை மாதிரி, கை இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு. முதல் வளைவு வந்தது. இடப்பக்கம் பள்ளத்தாக்கு திறந்தது. திரும்பிப் பார்த்தாள். லாரி மெதுவானது.

பஞ்சாலை நிமிர்ந்தாள். சாலையைப் பார்த்தாள். லாரி வேகம் எடுத்தது. சட்டென்று மறுபடி பள்ளத்தாக்கைப் பார்த்தாள். மெதுவானது.

"நீலா, பாரேன், மெதுவாக்குறாரு."

அதற்குப்பின் அது விளையாட்டாகிவிட்டது. ஒரு மூங்கில் புதருக்காக மெதுவாக்கவைத்தாள். வெறும் மைல்கல்லுக்காகவும் மெதுவாக்கவைத்தாள். "சரி சரி, போங்க, கடை கூட்டமாயிரும்," என்றாள். சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நீலாவதி பார்த்ததில்லை. சிறுமி சிரிப்பதைப் போல [தேய்ந்த உவமை, அடித்துவிடுகிறேன்]. முன் இருக்கையில் உட்கார்ந்தவள் சிரித்தாள். அவ்வளவு போதும்.

பிறகு வலப்பக்கம் திரும்பினாள். வெயிலும் நிழலும். அங்கேயே பார்த்துக்கொண்டிருந்தாள்.

லாரி மெதுவானது. இன்னும் மெதுவானது. சாலையோரம் ஒதுங்கி, நின்றேவிட்டது. என்ஜின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

இதை நீலாவதி நினைத்துச் செய்யவில்லை. முகம் சாலையை விட்டு எவ்வளவு விலகியிருக்கிறது என்று மட்டும்தான் அவள் லாரிக்குச் சொல்லிக்கொடுத்திருந்தாள். இடமா வலமா என்று பிரித்துச் சொல்ல மறந்திருந்தாள். வெளியே பார்த்தாலும் ஓட்டுநரைப் பார்த்தாலும் லாரிக்கு ஒன்றுதான். நீண்ட நேரம் பார்த்தால் வேகம் குறைந்து குறைந்து நின்றுவிடும். அது பிழை. நீலாவதி விசைப்பலகைப் பக்கம் கையைக் கொண்டுபோனாள்.

கை அங்கேயே நின்றது.

பஞ்சாலை அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு அது பிழையாகத் தெரியவில்லை. அவள் பார்த்தாள், அவர் வண்டியை நிறுத்திவிட்டார், காத்திருக்கிறார். தீபாவளிக் கூட்டம், கிராணியின் மனைவி, பின்னால் முப்பது பேர், யாருக்காகவும் இல்லாமல் அவளுக்காக ஒரு லாரி புக்கிட் பூத்துஸ் வளைவில் நின்றுகொண்டிருந்தது.

எவ்வளவு நேரம் என்று நான் எழுதப்போவதில்லை. அங்கே என்ன பேச்சு நடந்தது என்பதும் எனக்குத் தெரியாது. பஞ்சாலையின் உதடு ஒரு தடவை அசைந்தது, என்ஜின் சத்தத்தில் கேட்கவில்லை. பிறகு முந்தானையைச் சரிசெய்துகொண்டு, "சரி, போலாம்," என்று நேராகப் பார்த்தாள். லாரி கிளம்பியது.

பெட்டியைக் கழற்றியபோது அவள் நெற்றியில் பட்டையாகத் தடம் விழுந்திருந்தது.

"என்ன அண்ணி?"

"ஒண்ணுமில்ல. பசிக்குது. வா, சாப்பிடலாம்."

6

உடையப்பன் வந்து உட்கார்ந்து பார்த்தார். வளைவுகளை ரசித்தார். ஓட்டுநரைப் பார்த்தார், லாரி நின்றது.

"ஏன் நின்னுருச்சு? கோளாறா?"

"கோளாறுதான் சார். ஆனா சரி பண்ணப் போறதில்ல."

"அந்த ஆளுக்கு முகமும் இல்ல."

"முகம் வச்சுப் பாத்தேன். ஆளு போயிட்டாரு."

உடையப்பன் அவளை உற்றுப் பார்த்தார். கண்காட்சிக்கு அதிக நாள் இல்லை. மரமும் லயமும் கோயிலும் சுற்றிக் காட்டுவதாகச் சொல்லித்தான் இடம் பிடித்திருந்தார். அந்தத் தோட்டமும் கையில் தயாராக இருந்தது. அதைக் காட்டினால் எல்லோரும் நல்லா இருக்கு என்பார்கள், யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். லாரியைக் காட்டினால் ஜனங்கள் சிரிக்கலாம். இரண்டுக்கும் நடுவே, காட்டலாமா என்ற கேள்வியும் இருந்தது. அது அண்ணியின் லாரி. வழிப்போக்கர்களை அதில் ஏற்ற நீலாவதிக்கு என்ன உரிமை?

"அண்ணி சரின்னு சொன்னாத்தான் சார்."

"கேட்டுட்டுச் சொல்லு," என்றார் உடையப்பன். மறுபடி ஒருதடவை மாட்டிக்கொண்டார். இந்தத் தடவை அவர் ஓட்டுநர் பக்கமே பார்த்திருந்தார், பள்ளத்தாக்குப் பக்கம் திரும்பவே இல்லை என்பதை நீலாவதி திரையில் கவனித்தாள். கவனிக்காததுபோல் இருந்துகொண்டாள்.

வீட்டில் பஞ்சாலை துணி மடித்துக்கொண்டிருந்தாள். விஷயத்தைக் கேட்டுவிட்டு, மடிப்பதை நிறுத்தாமலேயே சொன்னாள்.

"காட்டு. வரவங்க எல்லாரும் ஏறட்டும். ஆனா பின்னால யாரையும் நிக்க வைக்காத. எல்லாரும் முன்னாலதான் உக்காரணும்."

"ஒரு சீட்டுதான் அண்ணி இருக்கு."

"அப்ப ஒவ்வொருத்தரா உக்காரட்டும் லா. என்ன அவசரம்?"

(ஒரு கலைக்கு இலக்கணம் எழுத உட்கார்ந்தவர்கள் இதைவிடச் சுருக்கமாக எழுதி நான் பார்த்ததில்லை. ஆனால் பஞ்சாலை இலக்கணம் சொல்லவில்லை, துணி மடித்துக்கொண்டிருந்தாள். வியாக்கியானம் என்னுடையது. உங்களுக்கு வேண்டாமென்றால் இந்த அடைப்புக்குறியைத் தாண்டிப் போகலாம்.)

7

கண்காட்சியில் முதலில் பையன்கள்தான் வரிசையில் நின்றார்கள். துப்பாக்கி இருக்கிறதா என்று கேட்டார்கள். இல்லை என்றதும் பாதிப் பேர் கலைந்தார்கள். சிலர் உட்கார்ந்து, சாலையையே பார்த்து, சிரம்பான் வரை போய் இறங்கினார்கள். ஒருவர் லாரி ஏன் மெதுவாகிறது என்று குறைப்பட்டுக்கொண்டார். நீலாவதி ஒன்றும் விளக்கவில்லை. எல்லோருக்கும் எல்லாம் கேட்கவேண்டும் என்று எந்த மொழியிலும் சட்டமில்லை. அவள் நிம்மதியாகவே இருந்தாள். விசிறியைத் திருப்பிவைத்தாள், ஒயரைச் சரிசெய்தாள். பஞ்சாலை பக்கத்தில் நின்று, இறங்குபவர்களிடம் பெட்டியை வாங்கித் துடைத்தாள்.

மத்தியானம் சாப்பாடு கொண்டுவந்தது மஜீதா. கல்லூரிக்கு எதிரே சாப்பாட்டுக் கடை நடத்தும் குடும்பம். தோட்டம் என்றால் பேருந்து ஜன்னலிலிருந்து பார்த்ததுதான். பொட்டலங்களை வைத்துவிட்டுக் கிளம்பினவளைப் பஞ்சாலை விடவில்லை.

"ஒரு தடவ ஏறிட்டுப் போங்க."

"கடையில ஆளில்ல அக்கா."

"கொஞ்ச நேரம்தான். முன் சீட்டு."

மஜீதா தலைத்துணியின் மேலேயே பெட்டியை மாட்டிக்கொண்டாள். லாரி வளைவுகளில் இறங்கியது. பள்ளத்தாக்கைப் பார்த்தாள், மெதுவானது, அதை அவள் கண்டுபிடித்து லேசாகச் சிரித்தாள். பிறகு வலப்பக்கம் திரும்பினாள்.

லாரி ஒதுங்கி நின்றது.

மாயாண்டியை மஜீதாவுக்குத் தெரியாது. அப்படி ஒருவர் இருந்ததையே யாரும் அவளிடம் சொல்லியிருக்கவில்லை. ஆனாலும் அவள் திரும்பியவள் திரும்பியபடியே இருந்தாள். வரிசையில் நின்றவர்கள் அசைந்தார்கள். உடையப்பன் ஏதோ சொல்ல வாயெடுத்தார், பஞ்சாலை கையைக் காட்டி அவரை நிறுத்தினாள். நீலாவதி திரையைப் பார்க்கவில்லை, மஜீதாவைப் பார்த்தாள். அந்தப் பெட்டிக்குக் கீழே தெரிந்த வாய், நெருங்கிய ஒருவரிடம் மட்டுமே பேசும் குரலில், ஒரு பெயரையோ ஓர் உறவையோ சொல்லி அழைத்தது.

யாரை அழைத்தாள் என்று எனக்குத் தெரியும். எழுதுபவன் நான்தானே. மூன்று வரைவுகளில் மூன்று பேரை அந்த நிழலின் இடத்தில் உட்காரவைத்தேன். மூன்றும் பொருந்தின. பொருந்தியதாலேயே மூன்றும் கெட்டன. பெயரை எழுதிய நிமிஷத்தில் அந்த வெயிலில் ஒரு முகம் வந்து, கண் சிமிட்டத் தொடங்கிவிட்டது.

ஆகவே அழித்துவிட்டேன். மஜீதா எழுந்துகொண்டாள், பெட்டியைப் பஞ்சாலை துடைத்து வைத்திருக்கிறாள், நாற்காலி காலி. உட்காருங்கள். சாலையைப் பார்க்க வேண்டுமானால் பாருங்கள், சிரம்பான் வரை நன்றாகவே போகலாம். வலப்பக்கம் திரும்பினால் லாரி நிற்கும். எப்போது கிளம்பவேண்டும் என்று நான் சொல்லமாட்டேன்.